த வயர் தொலைக்காட்சித் தொடர் பெற்ற விருதுகளும் அங்கீகாரமும்

த வயர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் 2002 ஜூன் 2 முதல் 2008 மார்ச் 9 வரை ஒளிபரப்பான ஆங்கில நாடகத் தொடர் ஆகும். இதனை உருவாக்கியவர் டேவிட் சைமன். மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரைக் களமாகக் கொண்ட இத்தொடர் ஐந்து பருவங்களில் மொத்தம் 60 அத்தியாயங்களைக் கொண்டது. 21 ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தொலைக்காட்சித் தொடர்களுள் ஒன்றாக இது பரவலாகக் கருதப்படுகிறது. எனினும் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் முதன்மை விருதான எம்மி விருதை இத்தொடர் ஒருமுறை கூடப் பெறவில்லை. ஐந்து பருவங்களுக்கும் சேர்த்து இரண்டு எம்மி பரிந்துரைகளே இதற்குக் கிடைத்தன.

இதனால் த வயர் "விருதே பெறாத தொடர்" எனச் சில இடங்களில் குறிப்பிடப்படுவதுண்டு. இக்கூற்று சரியன்று. பீபாடி விருது, எட்கர் விருது, அமெரிக்க எழுத்தாளர் சங்க விருது, அமெரிக்க இயக்குநர் சங்க விருது, தொலைக்காட்சி விமர்சகர் சங்கத்தின் மரபு விருது ஆகியவற்றை இத்தொடர் பெற்றுள்ளது. இத்தொடர் பெற்ற விருதுகள், பெறாத விருதுகள், விருதுகளுக்கு வெளியே கல்வித்துறையிலும் பொதுவாழ்விலும் பெற்ற மதிப்பு ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

## தொடரின் பின்னணி

டேவிட் சைமன் பால்ட்டிமோர் சன் நாளிதழில் குற்றச் செய்தியாளராகப் பணியாற்றியவர். பால்ட்டிமோர் காவல்துறையின் கொலைக் குற்றப் பிரிவுடன் ஓராண்டு உடனிருந்து அவர் எழுதிய நூல் 1991 இல் வெளியானது. அந்நூலைத் தழுவி ஹோமிசைட் என்னும் தொடர் என்பிசி தொலைக்காட்சியில் 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பானது. த வயர் தொடரில் சைமனின் முதன்மைக் கூட்டாளியாக விளங்கிய எட் பர்ன்ஸ் பால்ட்டிமோர் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து, பின்னர் அந்நகரின் அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். இருவரும் இணைந்து எழுதிய த கார்னர் என்னும் நூல் 1997 இல் வெளிவந்தது.

குற்றவாளிகளின் தொலைபேசி உரையாடல்களைக் காவல்துறையினர் ஒட்டுக்கேட்கும் முறையைக் குறிப்பதே தொடரின் பெயர் ஆகும். ஒவ்வொரு பருவமும் நகரின் ஓர் அமைப்பை மையமாகக் கொண்டது.

- முதல் பருவம் (2002, 13 அத்தியாயங்கள்): போதைப்பொருள் விற்பனைக் கும்பலும் காவல்துறையும்
- இரண்டாம் பருவம் (2003, 12 அத்தியாயங்கள்): துறைமுகமும் தொழிற்சங்கமும்
- மூன்றாம் பருவம் (2004, 12 அத்தியாயங்கள்): நகர அரசியலும் காவல்துறைச் சீர்திருத்தமும்
- நான்காம் பருவம் (2006, 13 அத்தியாயங்கள்): அரசுப் பள்ளிகள்
- ஐந்தாம் பருவம் (2008, 10 அத்தியாயங்கள்): நாளிதழ்

வழக்கமான காவல்துறைத் தொடர்களில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு குற்றம் நிகழ்ந்து, அது அந்த அத்தியாயத்தின் முடிவிலேயே துப்புத் துலக்கப்படும். த வயர் தொடரில் ஒரே வழக்கு ஒரு பருவம் முழுவதும் நீளும். ஒரு பருவத்தில் விதைக்கப்பட்ட செய்தி அடுத்த பருவத்திலேயே பயன் தருவதும் உண்டு. இத்தொடருக்கு விருதுகள் குறைவாகக் கிடைத்தமைக்கும், பின்னாளில் மதிப்புக் கூடியமைக்கும் இந்த அமைப்பே காரணமாகச் சுட்டப்படுகிறது.

## பெற்ற விருதுகள்

### பீபாடி விருது

பீபாடி விருது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தால் வழங்கப்படுகிறது. 1940 இல் நிறுவப்பட்ட இவ்விருது வானொலி, தொலைக்காட்சி ஆகிய ஊடகங்களில் வெளியாகும் சிறந்த படைப்புகளுக்கு உரியது. எம்மி விருதைப் போல "சிறந்த நடிகர்", "சிறந்த தொடர்" என்னும் பிரிவுகள் இதில் இல்லை. ஒரு படைப்பு தன்னளவில் தகுதியுடையதா என்பதை மட்டுமே நடுவர் குழு ஆராய்கிறது. 2003 ஆம் ஆண்டிற்கான பீபாடி விருது த வயர் தொடருக்கு வழங்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளர்களின் வீழ்ச்சியைச் சித்திரித்த இரண்டாம் பருவம் அவ்வாண்டில்தான் ஒளிபரப்பானது.

### எட்கர் விருது

எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரில் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் ஆண்டுதோறும் எட்கர் விருதுகளை வழங்குகிறது. 2007 இல் தொலைக்காட்சித் திரைக்கதைக்கான எட்கர் விருதைத் தொடரின் நான்காம் பருவத்தை எழுதிய குழுவினர் பெற்றனர். அக்குழுவில் டேவிட் சைமன், எட் பர்ன்ஸ் ஆகியோருடன் ஜார்ஜ் பெலக்கானோஸ், ரிச்சர்ட் பிரைஸ், டென்னிஸ் லெஹேன் ஆகிய மூன்று புகழ்பெற்ற புதின எழுத்தாளர்களும் இடம்பெற்றிருந்தனர். குற்றப் புதின எழுத்தாளர்களைத் தொடர்ந்து திரைக்கதைப் பணியில் ஈடுபடுத்தியது இத்தொடரின் தனித்தன்மைகளுள் ஒன்று.

### அமெரிக்க எழுத்தாளர் சங்க விருது

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு எழுதுவோரின் தொழில்முறை அமைப்பு ஆகும். சிறந்த நாடகத் தொடருக்கான அதன் விருது 2008 பெப்ரவரியில் த வயர் தொடருக்கு அறிவிக்கப்பட்டது. 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்த அதே மாதத்தில் இந்த அறிவிப்பு வெளியானது குறிப்பிடத்தக்கது.

### அமெரிக்க இயக்குநர் சங்க விருது

ஐந்தாம் பருவத்தின் நான்காம் அத்தியாயமான டிரான்சிஷன்ஸ் என்பதை இயக்கிய டான் அட்டியாஸ், நாடகத் தொடர் இயக்கத்திற்கான அமெரிக்க இயக்குநர் சங்க விருதை 2009 இல் பெற்றார். தொடர் நிறைவடைந்து ஏறத்தாழ ஓராண்டு கடந்த பின்னரே இவ்விருது கிடைத்தது.

### தொலைக்காட்சி விமர்சகர் சங்கத்தின் மரபு விருது

அமெரிக்க, கனடிய நாளிதழ்களிலும் பிற ஊடகங்களிலும் தொலைக்காட்சி பற்றி எழுதுவோரின் அமைப்பு தொலைக்காட்சி விமர்சகர் சங்கம் ஆகும். நீடித்த தாக்கத்தை ஏற்படுத்திய நிகழ்ச்சிகளுக்கு அது வழங்கும் மரபு விருதை 2008 இல் த வயர் பெற்றது.

மேற்கண்ட விருதுகளை நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படும். எழுத்தாளர்களும் இயக்குநர்களும் தத்தம் தொழிலினருக்கு அளித்தவை, விமர்சகர் அளித்தவை, பல்கலைக்கழக நடுவர் குழு அளித்தவை என்றே இவை அமைந்துள்ளன. தொலைக்காட்சித் துறை முழுமையும் வாக்களித்துத் தரும் விருது எதுவும் இப்பட்டியலில் இல்லை.

## எம்மி விருதுகள்

பிரைம்டைம் எம்மி விருதுகளை அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலை அறிவியல் கழகம் வழங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் நாள் தொடங்கி அடுத்த ஆண்டு மே இறுதி நாள் வரை ஒளிபரப்பானவை அந்தந்த ஆண்டின் போட்டிக்குத் தகுதி பெறுகின்றன. த வயர் தொடருக்குக் கிடைத்த இரு பரிந்துரைகளும் நாடகத் தொடர் எழுத்துக்கான பிரிவில் அமைந்தவை.

முதல் பரிந்துரை 2005 இல் கிடைத்தது. மூன்றாம் பருவத்தின் பதினோராம் அத்தியாயமான மிடில் கிரவுண்ட் அதற்கு உரியது. இதன் கதையை டேவிட் சைமனும் ஜார்ஜ் பெலக்கானோசும் அமைக்க, திரைக்கதையைப் பெலக்கானோஸ் எழுதினார். இளமை முதல் நண்பர்களாக இருந்த ஏவன் பார்க்ஸ்டேல், ஸ்ட்ரிங்கர் பெல் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துவிட்ட நிலையில், அதனை வெளிக்காட்டாது பழங்கதை பேசிக்கொள்ளும் காட்சி இதில் இடம்பெற்றுள்ளது. அவ்வாண்டு விருது ஹவுஸ் தொடரின் திரீ ஸ்டோரீஸ் அத்தியாயத்திற்காக டேவிட் ஷோருக்குச் சென்றது.

இரண்டாம் பரிந்துரை 2008 இல் தொடரின் இறுதி அத்தியாயத்திற்குக் கிடைத்தது. அமெரிக்கச் செய்தியாளர்கள் ஒரு செய்தி முடிவுற்றதைக் குறிக்கப் பயன்படுத்தி வந்த -30- என்னும் குறியே அந்த அத்தியாயத்தின் தலைப்பு ஆகும். டேவிட் சைமனும் எட் பர்ன்சும் இதற்காகப் பரிந்துரைக்கப்பட்டனர். விருதை மேட் மென் தொடரின் முதல் அத்தியாயத்தை எழுதிய மேத்யூ வைனர் பெற்றார்.

த வயர் தகுதி பெற்றிருந்த ஐந்து ஆண்டுகளிலும் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்ற தொடர்கள் வருமாறு:

- 2003 (த வயர் முதல் பருவம் தகுதி பெற்ற ஆண்டு): த வெஸ்ட் விங்
- 2004 (இரண்டாம் பருவம்): த சோப்ரானோஸ்
- 2005 (மூன்றாம் பருவம்): லாஸ்ட்
- 2007 (நான்காம் பருவம்): த சோப்ரானோஸ்
- 2008 (ஐந்தாம் பருவம்): மேட் மென்

2006 ஆம் ஆண்டுப் போட்டிக்குரிய காலத்தில் த வயர் ஒளிபரப்பாகவில்லை. மேற்கண்ட ஐந்து ஆண்டுகளிலும் சிறந்த நாடகத் தொடர் பிரிவில் பரிந்துரைக்குக் கூட த வயர் தெரிவு செய்யப்படவில்லை. நடிப்பு, இயக்கம் ஆகிய பிரிவுகளிலும் எந்தப் பரிந்துரையும் கிடைக்கவில்லை. கோல்டன் குளோப் விருதுக்கும் இத்தொடர் ஒருமுறையும் பரிந்துரைக்கப்படவில்லை. ஒப்பீட்டுக்காக, அதே காலத்தில் ஒளிபரப்பான த வெஸ்ட் விங் மொத்தம் 26 எம்மி விருதுகளையும், த சோப்ரானோஸ் 21 எம்மி விருதுகளையும் பெற்றன.

டேவிட் சைமன் எம்மி கழகத்திற்கு அறிமுகமில்லாதவர் அல்லர். த வயர் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எச்பிஓவில் வெளியான அவரது த கார்னர் குறுந்தொடர் சிறந்த குறுந்தொடர், எழுத்து, இயக்கம் ஆகிய மூன்று எம்மி விருதுகளை 2000 இல் பெற்றிருந்தது. அதுவும் பால்ட்டிமோர் நகரின் போதைப்பொருள் அவலத்தைப் பற்றியதே. எனவே கதைக்களம் மட்டுமே விருதுக்குத் தடையாக இருந்தது எனக் கூற இயலாது. ஆறு அத்தியாயங்களில் முடிந்துவிடும் குறுந்தொடர் ஒன்றை மதிப்பிடுவதும், ஆறு ஆண்டுகள் நீண்ட தொடர் ஒன்றின் ஒரு பகுதியை மதிப்பிடுவதும் வேறுவேறானவை.

### எம்மி கிடைக்காமைக்குக் கூறப்படும் காரணங்கள்

விமர்சகர்களும் ஆய்வாளர்களும் பின்வரும் காரணங்களை முன்வைத்துள்ளனர்.

- அத்தியாய முறை மதிப்பீடு. எழுத்து, இயக்கம், நடிப்பு ஆகிய பிரிவுகளில் ஒரு குறிப்பிட்ட அத்தியாயமே மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறது. முன்கதை தெரியாமல் த வயர் தொடரின் ஓர் அத்தியாயத்தைத் தனியே பார்ப்பவருக்கு மாந்தர் யார், அவர்களுக்கிடையே உள்ள உறவு என்ன என்பது எளிதில் விளங்காது.
- பெருங்குழு நடிப்பு. தொடரில் பல பத்து முதன்மை, துணை மாந்தர்கள் உள்ளனர். ஒரு நடிகர் ஓர் அத்தியாயத்தில் தோன்றும் நேரம் குறைவு. ஒருவரது நடிப்பைத் தனித்துக் காட்டும் நீண்ட உணர்ச்சிமிகு காட்சிகளும் அரிதாகவே அமைக்கப்பட்டன.
- நடிகர்களின் அறிமுகமின்மை. நடிகர்களுள் பெரும்பான்மையோர் அப்போது புகழ் பெறாத ஆப்பிரிக்க அமெரிக்கர். டொமினிக் வெஸ்ட், இட்ரிஸ் எல்பா போன்ற பிரித்தானிய நடிகர்களும் அமெரிக்காவில் அவ்வளவாக அறியப்படாதவர்கள். பால்ட்டிமோரைச் சேர்ந்த, நடிப்புத் துறை சாராத பலரும் இதில் நடித்தனர். கறுப்பினத்தவரை மையமாகக் கொண்ட நாடகத் தொடரை விருதுக் குழுவினர் புறக்கணித்தனர் என்னும் குற்றச்சாட்டும் இதனுடன் சேர்த்துக் கூறப்படுகிறது.
- இடத் தொலைவு. தொடர் முழுவதும் பால்ட்டிமோரிலேயே படமாக்கப்பட்டது. வாக்களிப்போருள் பெரும் பகுதியினர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தொழில் வட்டத்தில் இதில் பணியாற்றியோர் குறைவு.
- நிறுவனத்துக்குள்ளேயே போட்டி. அதே காலத்தில் எச்பிஓ த சோப்ரானோஸ், சிக்ஸ் ஃபீட் அண்டர், டெட்வுட் ஆகிய தொடர்களையும் ஒளிபரப்பி வந்தது.
- குறைந்த பார்வையாளர். இத்தொடருக்கு இருந்த பார்வையாளர் எண்ணிக்கை எச்பிஓவின் பிற தொடர்களைவிடக் குறைவு. மூன்றாம் பருவத்திற்குப் பின் தொடர் நிறுத்தப்படும் நிலை ஏற்பட்டு, சைமன் நிறுவனத்தாரிடம் வாதாடிய பின்னரே தொடர்ந்தது. 2004 டிசம்பருக்கும் 2006 செப்டம்பருக்கும் இடையே புதிய அத்தியாயம் எதுவும் வெளியாகவில்லை.

இவற்றுள் எதுவும் தனியொரு காரணமாக நிறுவப்பட்டதன்று. பின்னாளில் பெட்டர் கால் சால் தொடர் 53 எம்மி பரிந்துரைகள் பெற்றும் ஒரு விருதும் பெறாமல் நிறைவடைந்தது. அத்தொடர் போட்டியில் தோற்றது. த வயர் தொடரோ பெரும்பாலும் போட்டிக்குள் நுழையவே இல்லை என்பது இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

## விமர்சகர்களின் வரவேற்பும் தரவரிசைகளும்

முதல் பருவத்திற்கு நல்ல வரவேற்பு இருந்தபோதிலும், தொடரின் மதிப்பு உச்சத்தை எட்டியது நான்காம் பருவத்தில்தான். பள்ளிச் சிறுவர் நால்வரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்த அப்பருவம், விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் இடும் மெட்டாகிரிட்டிக் இணையத்தளத்தில் நூற்றுக்கு 98 பெற்றது. 2006 செப்டம்பரில் ஸ்லேட் இதழில் எழுதிய ஜேக்கப் வைஸ்பெர்க், அமெரிக்காவில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர்களுள் இதுவே மிகச் சிறந்தது என மதிப்பிட்டார். பருவம் பருவமாக விரியும் கதையமைப்பு காரணமாக இத்தொடரை 19 ஆம் நூற்றாண்டுப் புதினங்களுடன், குறிப்பாகச் சார்லஸ் டிக்கன்சின் புதினங்களுடன், ஒப்பிடும் வழக்கம் தோன்றியது. சைமனோ கிரேக்கத் துன்பியல் நாடகங்களையே தமது முன்மாதிரியாகக் குறிப்பிட்டுள்ளார். அந்நாடகங்களில் கடவுளர் வகித்த இடத்தைத் தமது தொடரில் நிறுவனங்கள் வகிக்கின்றன என்பது அவர் கருத்து.

நான்காம் பருவம் இவ்வளவு பாராட்டுகளைப் பெற்றும் 2007 இல் அதற்கு ஓர் எம்மி பரிந்துரை கூடக் கிடைக்கவில்லை. எம்மி தெரிவு முறையின் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு அடிக்கடி சுட்டப்படுகிறது.

தொடர் நிறைவடைந்த பின்னர் குறுவட்டுகள் வழியாகவும், பின்பு இணையவழியாகவும் இதனைப் பார்த்தோர் தொகை பெருகியது. ஐக்கிய இராச்சியத்தில் 2009 இல் பிபிசி டூ இதனை ஒளிபரப்பத் தொடங்கியது. 2014 டிசம்பரில் எச்பிஓ உயர்தெளிவு வடிவில் இதனை மீண்டும் வெளியிட்டது. அத்தியாயங்களை இடைவெளியின்றித் தொடர்ச்சியாகப் பார்க்கும் வாய்ப்பு, வாரம் ஒன்றாகப் பார்த்தபோது உணரப்படாத அதன் கட்டமைப்பைத் தெளிவாக்கியது எனலாம்.

பின்னாளைய தரவரிசைகளுள் சில:

- 2013: எண்டர்டெயின்மெண்ட் வீக்லி இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் முதலிடம் அளித்தது.
- 2013: அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் சிறப்பாக எழுதப்பட்ட 101 தொடர்களின் பட்டியலில் ஒன்பதாம் இடம் பெற்றது.
- 2016: ரோலிங் ஸ்டோன் இதழின் சிறந்த 100 தொடர்களின் பட்டியலில் த சோப்ரானோசை அடுத்து இரண்டாம் இடம் பெற்றது.
- 2019: த கார்டியன் நாளிதழின் 21 ஆம் நூற்றாண்டுத் தொடர்ப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது.
- 2021: பிபிசி கல்ச்சர் நடத்திய வாக்கெடுப்பில் 21 ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தொடராகத் தெரிவு செய்யப்பட்டது. 43 நாடுகளைச் சேர்ந்த 206 துறை வல்லுநர்கள் இதில் பங்கேற்றனர். மேட் மென் இரண்டாம் இடத்தையும், பிரேக்கிங் பேட் மூன்றாம் இடத்தையும் பெற்றன.

2008 இல் எம்மி மேடையில் த வயர் தொடரை வென்ற மேட் மென், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் அதற்கு அடுத்த இடத்தைப் பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

## கல்வித்துறையில் அங்கீகாரம்

தொலைக்காட்சித் தொடர் ஒன்று பல்கலைக்கழகப் பாடமாவது அரிது. த வயர் ஊடகவியல் துறையில் மட்டுமன்றிச் சமூகவியல் துறையிலும் பாடமாக வைக்கப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நகர்ப்புற வறுமை பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன், நகர்ப்புற ஏற்றத்தாழ்வு பற்றிய பாடத்தை இத்தொடரைக் கொண்டு 2010 இல் நடத்தினார். வேலையின்மை, பள்ளிகளின் சீர்கேடு, சிறைவாசம், அரசியல் ஆகியவற்றை ஆய்வுகள் தனித்தனியே ஆராய்கின்றன என்றும், அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இத்தொடர் ஒருசேரக் காட்டுகிறது என்றும் அவர் கருதினார். அன்மோல் சத்தாவுடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2011 இல் கிரிட்டிகல் இன்குவயரி ஆய்விதழில் வெளியானது.

மிடில்பரி கல்லூரியில் ஜேசன் மிட்டெல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லிண்டா வில்லியம்ஸ் ஆகியோரும் இத்தொடரைப் பாடமாக நடத்தினர். லிண்டா வில்லியம்ஸ் இத்தொடர் பற்றித் தனி நூல் ஒன்றை 2014 இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2009 நவம்பரில் இத்தொடரைச் சமூக அறிவியல் நோக்கில் ஆராயும் கருத்தரங்கு நடைபெற்றது. 2018 இல் ஜோனத்தன் ஆப்ராம்ஸ் தொடரில் பங்கேற்றோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

டேவிட் சைமனுக்கு 2010 இல் மக்கார்தர் ஆய்வு நல்கை வழங்கப்பட்டது. அறிவியல், கலை, சமூகப் பணி ஆகியவற்றில் படைப்பாற்றல் மிக்கோருக்கு வழங்கப்படும் இந்நல்கை ஒரு தனிப் படைப்புக்கு உரியதன்று என்றாலும், த வயர் வழியாக அவர் ஆற்றிய பணி இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

## அரசியலிலும் பொதுவாழ்விலும்

2008 குடியரசுத் தலைவர் தேர்தல் பரப்புரையின்போது பராக் ஒபாமா தமக்கு மிகவும் விருப்பமான தொடர் த வயர் என்றும், விருப்பமான பாத்திரம் ஓமர் லிட்டில் என்றும் குறிப்பிட்டார். போதைப்பொருள் விற்பவர்களை மட்டுமே கொள்ளையிடும் ஓமர் பாத்திரத்தை ஏற்று நடித்தவர் மைக்கேல் கே. வில்லியம்ஸ். 2015 மார்ச்சில் குடியரசுத் தலைவராக இருந்த ஒபாமா, டேவிட் சைமனுடன் போதைப்பொருள் சட்டங்கள், சிறைத்தண்டனை முறை ஆகியவை பற்றி உரையாடிய காணொளியை வெள்ளை மாளிகை வெளியிட்டது.

2011 இல் அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞராக இருந்த எரிக் ஹோல்டர், தொடரின் நடிகர் சிலர் கலந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்றில், மேலும் ஒரு பருவம் எடுக்குமாறு சைமனுக்கும் பர்ன்சுக்கும் "ஆணையிடுவதாக" வேடிக்கையாகக் கூறினார். போதைப்பொருள் மீதான போரை நீதித்துறை மறுஆய்வு செய்ய முன்வருமானால் ஆறாம் பருவத்தை எடுக்கத் தாங்கள் ஆயத்தம் எனச் சைமன் பதிலளித்தார்.

ஐசுலாந்தின் ரேக்யவிக் நகரில் 2010 இல் மேயர் தேர்தலில் வென்ற நகைச்சுவை நடிகர் யோன் குனார், த வயர் பார்த்திராதவர்களுடன் கூட்டணி அமைக்கப் போவதில்லை எனக் கூறியதும் பரவலாகப் பேசப்பட்டது.

தொடரில் துப்பறிவாளர் கீமா கிரெக்ஸ் பாத்திரத்தில் நடித்த சோன்யா சோன், பால்ட்டிமோரில் ஆபத்தான சூழலில் வளரும் இளைஞர்களுக்காக 2009 இல் ரீவயர்டு ஃபார் சேஞ்ச் என்னும் தொண்டு அமைப்பைத் தொடங்கினார்.

## எதிர்க் கருத்துகள்

தொடரின் மீதான பாராட்டு ஒருமித்ததன்று. 2008 தொடக்கத்தில் த அட்லாண்டிக் இதழில் மார்க் பௌடன் எழுதிய கட்டுரை, சைமனின் சினமும் அவநம்பிக்கையும் உண்மையைக் கோணலாக்கிக் காட்டுகின்றன எனக் குறைகூறியது. அதே ஆண்டு டிசென்ட் இதழில் ஜான் அட்லஸ், பீட்டர் டிரையர் ஆகியோர், வறிய மக்களைச் செயலற்றவர்களாகவே தொடர் காட்டுகிறது என்றும், பால்ட்டிமோரில் கூலி உயர்வுக்கும் வீட்டு வசதிக்கும் போராடி வெற்றி கண்ட மக்கள் இயக்கங்களை அது கண்டுகொள்ளவில்லை என்றும் எழுதினர்.

பால்ட்டிமோர் நகரிலும் இருவேறு கருத்துகள் நிலவின. 2011 இல் அந்நகரக் காவல்துறை ஆணையராக இருந்த பிரெடரிக் பீல்ஃபெல்ட், இத்தொடர் நகரின் பெயருக்குக் களங்கம் விளைவித்துவிட்டது எனக் கண்டித்தார். சைமன் அதனை மறுத்து, தாம் காட்டியவை நகரின் உண்மையான சிக்கல்களே எனப் பதிலளித்தார். விருதுக் குழுக்கள் ஒரு தொடரைக் கலைப்படைப்பாக மட்டும் அளவிடலாம். அதில் காட்டப்படும் நகரில் வாழ்பவர்களுக்கு அது தங்கள் தெருவைப் பற்றிய தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது.

## நடிகர்கள்

த வயர் வழியாக எம்மி பரிந்துரை பெறாத நடிகர்களுள் பலர் பின்னாளில் வேறு படைப்புகளுக்காக விருதுகளும் பரிந்துரைகளும் பெற்றனர். ஸ்ட்ரிங்கர் பெல்லாக நடித்த இட்ரிஸ் எல்பா, லூத்தர் தொடருக்காக 2012 இல் கோல்டன் குளோப் விருது பெற்றார். மைக்கேல் கே. வில்லியம்ஸ் 2015 முதல் பல முறை எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டார். விருது எதுவும் பெறாமலே 2021 செப்டம்பர் 6 அன்று மறைந்தார். லெப்டினன்ட் டேனியல்சாக நடித்த லான்ஸ் ரெட்டிக் 2023 மார்ச் 17 அன்று மறைந்தார். முதல் பருவத்தில் சிறுவன் வாலஸ் பாத்திரத்தில் தோன்றிய மைக்கேல் பி. ஜோர்டன் பின்னர் திரைப்படத் துறையில் முன்னணி நடிகரானார்.

## முக்கியத்துவம்

விருது என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட விதிகளின்படி, குறிப்பிட்ட ஒரு குழுவினர் அளிக்கும் மதிப்பீடு ஆகும். ஓர் அத்தியாயம், ஒரு நடிகர், ஓர் ஆண்டு என்பன எம்மி விருதின் அளவுகோல்கள். ஒரு நகரத்தின் அமைப்புகள் அனைத்தையும் அறுபது அத்தியாயங்களில் ஒன்றாகக் காட்ட முயன்ற த வயர் இந்த அளவுகோல்களுக்குள் அடங்கவில்லை. முழுப் பருவத்தையும் ஒருசேர நோக்கிய எட்கர் விருதுக் குழு, முழுத் தொடரையும் நோக்கிய விமர்சகர் சங்கம், பாடமாக எடுத்து ஒரு பருவகாலம் முழுவதும் ஆராய்ந்த பல்கலைக்கழகங்கள் ஆகியவையே இதன் மதிப்பை முதலில் உணர்த்தின. தொலைக்காட்சி விருதுகள் எதனை அளவிடுகின்றன, எதனைத் தவறவிடுகின்றன என்பதை விளக்க விரும்புவோர் இன்றும் இத்தொடரையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர்.